ஆண்களுக்கு மட்டும் சமையல் வகுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காலமெல்லாம் மைதானம் சுற்றி ஓடவிட்ட பி.டி. டீச்சருக்கு இப்போது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. அந்தப் பிள்ளைகள் பார்த்தால் கை தட்டிச் சிரிப்பார்கள். அங்கே நீயும் உன் நெட்டையும் சௌக்கியம்தானே? குளிர் கடுமை என்று எழுதியிருந்தாய். நெட்டையைக் குல்லா போட்டுக்கொள்ளச் சொல். அவன் உயரத்துக்குக் காற்று முதலில் அவன் தலையில்தான் மோதும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கையில் விசில் இல்லாமல் உன்னை அடக்க என்னால் முடியாது. கடிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும்? படி.

விஷயம் இதுதான். அடுத்த மாத ஊர்வலத்துக்கு நீ எழுதி அனுப்பிய வாழ்த்துரையை அந்தச் சங்கத்துப் பெண் வீட்டுக்கே கொண்டு வந்து வாசித்துக் காட்டினாள். தலைமுடியில் பாதி நீலம், பாதியைக் காணோம். ஆனால் தங்கமான பெண். வாசிக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்வலம் முடிந்ததும் பெரிய மேடை போடுகிறார்களாம், ஆயிரக்கணக்கில் கூட்டம் வருமாம், என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து அதை வாசிப்பார்களாம். எல்லாம் சரி. அதில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே: என் அக்கா எங்களில் ஒருத்தி அல்ல, ஆனாலும் எங்களுக்காக நின்றாள் என்று. அந்த வரியை நீ மாற்றித் தர வேண்டும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. நீலத்தலைப் பெண்ணிடம் நானே சொல்லி மாற்றியிருக்கலாம். ஆனால் வரி உன்னுடையது. நீ மாற்றினால்தான் அது மாறியதாக அர்த்தம்.

அக்காவுக்குத் தன்னடக்கம் என்று நினைத்துவிடாதே. எனக்கும் தன்னடக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்கே தெரியும். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் நீ அளந்துவிட்ட மற்ற புளுகுகளைத் திருத்திக்கொண்டே வருகிறேன்.

உன்னைப் பற்றி நீ தைரியமாக என்னிடம் வந்து சொன்னாயாம். அடடா. யார் தைரியம்? ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி நின்று, பால் பாத்திரத்தைப் பார்த்துத்தான் நீ பேசினாய். நான் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கைப்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு வேலை போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குப் பெண்கள் மேல் ஆசை வராது அக்கா, பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்துகிற அந்த நெட்டையைத்தான் பிடித்திருக்கிறது, அவனுக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்று பால் பாத்திரத்திடம் சொன்னாய். நான் ஒன்றும் சொல்லாமல் காற்றடித்துக்கொண்டே இருந்தேன். அடித்தேன், அடித்தேன், பந்து வெடித்துவிட்டது. நீ அலறி, நான் அலறி, பால் கீழே கொட்டி, கடைசியில் இரண்டு பேரும் தரையைத் துடைத்துக்கொண்டே அழுதோம். பந்துக்காகத்தான் அழுகிறேன் என்று நான் சொன்னேன். அதை நீ நம்பினாய் பார், அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

அடுத்த புளுகு: அக்கா எங்கள் எல்லோருக்கும் ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டாள். நானா? வெந்நீர் வைத்தால்கூடத் தீய்ந்துபோகும் கை இது. அந்தச் சமையல் வகுப்பு எப்படி முளைத்தது என்பதையே மறந்துவிட்டாயா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் ஏழு பேர் பூங்கா பெஞ்சில் கூடிக்கூடிப் பேசுவீர்கள். ரோந்துக்காரர்கள் லத்தியை ஆட்டிக்கொண்டு வருவார்கள். நீங்கள் ஓடுவீர்கள். ஒரு நாள் நெட்டை வேலி தாண்டும்போது பேண்ட் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். கிழிந்த பேண்டைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டு அவன் நம் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்துத்தான், இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கேயே கூடுங்கள், அப்பா விட்டுப்போன கூடம் சும்மாதானே கிடக்கிறது என்று சொன்னேன். இரண்டு வாரம் நிம்மதி. அதற்குள் எதிர்வீட்டு பால்கனி அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தெருமுனை வரை கேட்கிற குரலில், டீச்சர், கல்யாணமாகாத பொம்பளை வீட்டுக்கு வாராவாரம் ஏழு ஆம்பளைகள் எதுக்கு வர்றாங்க என்று கேட்டாள். சமையல் வகுப்பு நடத்துறேன் என்று என் வாயில் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆம்பளைகளுக்கா என்றாள். ஆம்பளைகளுக்கு மட்டும்தான் என்றேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். நெட்டை அழகாக ஒரு போர்டு வேறு எழுதி மாட்டினான். ஒரு வாரம் கூட ஆகவில்லை, தெருவில் இருக்கிற பெண்டாட்டிமார் எல்லோரும் நம் வாசலில். எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துக்குங்க டீச்சர், ஒரு டீ போடத் தெரியலை என்று ஒரே கெஞ்சல். இடமில்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவது? பக்கத்து வீட்டு கேஷியரை அவர் மனைவி கேட்டுக்குள் தள்ளிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டோம். வகுப்பு என்று ஊரே நம்பிவிட்டால் வகுப்பு நடத்தித்தானே ஆக வேண்டும்?

நடத்தினேனே. எனக்குத் தெரிந்தபடி நடத்தினேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் துண்டு வாங்கி, மூலையில் சிவப்பு நூலில் பெரிதாக நம்பர் தைத்துக் கொடுத்தேன். நம்பர் போடாத எதையும் எனக்கு நிர்வகிக்கத் தெரியாது. நீ ஒன்று, நெட்டை இரண்டு, அப்படியே ஏழு வரை. கேஷியர் எட்டு. விசில் ஊதினால் வெங்காயம் வெட்ட வேண்டும், மறுபடி ஊதினால் நிறுத்த வேண்டும். சமையல் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். பின்வரிசையில் நின்று எனக்கு ஜாடை காட்டுவாய். மூக்கைச் சொறிந்தால் உப்புப் போடச் சொல்ல வேண்டும், காதை இழுத்தால் அடுப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும். உன் மூக்கில் கொசு கடித்த அன்றைக்கு எல்லார் முட்டையிலும் மூன்று தடவை உப்பு விழுந்தது. அதையும் வாய் திறக்காமல் தின்றார்கள் பாவிகள்.

பிறகு வந்தார் இன்ஸ்பெக்டர். நம் பேட்டை ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரேதான். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். தினமும் ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து இவருக்கு வேறு ஆக்கிப் போட வேண்டுமா என்று ஒரே சண்டையாம். போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அப்போதே நாம் அவளுக்கு வைத்த பெயர் லேப்காரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்தால், மீசையை முறுக்கிக்கொண்டு, செய்தித்தாளில் சுற்றிய கத்தியோடு மனுஷன் நிற்கிறார். சொந்தக் கத்தி, தீட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் நெட்டை குளியலறைக்குள் போனவன் வகுப்பு முடிகிற வரை வெளியே வரவில்லை. வயிறு சரியில்லை என்று நீ சொன்னதும் இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே நின்று, தம்பி, இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அது வயிற்று வலி முனகல் இல்லை என்று நமக்குத்தான் தெரியும்.

அவருக்கு ஒன்பதாம் நம்பர் துண்டு கொடுத்தேன். அவரைப் போல ஒரு மாணவனை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. முதல் ஆளாக வருவார், கடைசி ஆளாகப் போவார். சமையலில் அவருக்கு அவ்வளவு ஆசை. நம் பாடுதான் திண்டாட்டம். அவரை வைத்துக்கொண்டு கூட்டம் எப்படி நடத்துவது? கேஷியரைப் பற்றிக் கவலையில்லை, அரை மணியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். இன்ஸ்பெக்டருக்கு என்ன வழி என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்ததுதான் அந்தப் பால் கிண்டும் பாடம். பெரிய பாத்திரம் நிறையப் பாலை அடுப்பில் ஏற்றி, கரண்டியை அவர் கையில் கொடுத்து, பால் பாதியாகச் சுண்டும் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடி கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும், திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன். அவர் அப்படியே அட்டென்ஷனில் நின்று கிண்டுவார். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து நம் ஊரின் முதல் ஊர்வலத்துக்கு நோட்டீஸ் எழுதுவீர்கள். எந்த வாரமாவது வாக்குவாதம் முற்றிவிட்டால் அவருக்கு இன்னொரு பாத்திரம் பால்.

உங்களை என்ன பெயரால் சொல்லிக்கொள்வது என்றே எத்தனை ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொண்டீர்கள்! இப்போது பிள்ளைகள் தன்பாலீர்ப்பு என்கிறார்கள், இன்னும் என்னென்னவோ நல்ல நல்ல சொல்லாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு உங்கள் கையில் இருந்ததெல்லாம் வசவுதான். ஒவ்வொரு வார்த்தையையும் நெட்டை அடித்துவிடுவான். கடைசியில், எதுவும் வேண்டாம், நாங்களும் இந்த ஊர்தான் என்று மட்டும் அட்டையில் எழுதுவோம் என்று முடிவு செய்தீர்கள். அந்த வரியைக் கேட்டபோது நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே இன்ஸ்பெக்டர் பால் சுண்டிவிட்டது டீச்சர் என்று சந்தோஷமாகக் கூவினார்.

இப்போது ஊர்வலம். நூற்றுக்கணக்கானோர் திரண்டோம் என்று எழுதியிருக்கிறாயே, எண்ணிக்கை தெரியாதவனா நீ? ஏழு பேர் வருவதாகச் சத்தியம் செய்து ஆறு பேர் வந்தீர்கள். நான் ஒருத்தி. நூலக வாசலிலிருந்து ஒரு நாய் கூடவே வந்தது. அவ்வளவுதான். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று முகத்தை மறைத்துக் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துணி வேண்டும் என்றீர்கள். நான் அவசரத்தில் கொடியில் காய்ந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். எல்லோரும் கண் மட்டும் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டீர்கள். நம்பர் அத்தனையும் நெற்றியில். சத்தியமாக எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் ஆறு பேரில் ஒருத்தனுக்காவது உறைத்ததா? இல்லையே.

பேருந்து நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையை மேலும் கீழும் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு என்று வாய்விட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, நாலாம் நம்பர் எங்கே டீச்சர் என்று கேட்டார். அவனுக்குக் காய்ச்சல் என்றேன். பழக்க தோஷம், வருகை எடுக்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் அட்டையைப் படித்தார். நோட்டீஸ் ஒன்றை வாங்கி அதையும் முழுசாகப் படித்தார். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போ ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இதுக்குத்தானா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்தார். அப்புறம் மெதுவாக, அப்போ பாலை அவ்வளவு நேரம் கிண்ட வேண்டியதே இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன், தம்பி. நீங்கள் யார் என்று தெரிந்ததைவிட அதுதான் அந்த மனுஷனை அதிகம் நோகடித்தது. ஜீப்பில் ஏறினார். நம்மை அள்ளிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். ஜீப் நமக்கு முன்னால் நகர ஆரம்பித்தது. நடக்கிற வேகத்துக்கு உருண்டுகொண்டே போயிற்று. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி பஸ்களை நிறுத்தினார். பேருந்து நிலையம் வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போலீஸ் தடையை மீறி முன்னேறினோம் என்று நீ எழுதியிருப்பது சுத்த அபாண்டம். துண்டு உன் கண்ணில் இறங்கியிருந்தது, உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அந்த வரியையும் எடுத்துவிடு. செத்துப்போன மனுஷனுக்கு நாம் அந்த நியாயமாவது செய்ய வேண்டும்.

பிறகு நடந்ததில் சிரிக்க அதிகம் இல்லை. சாயங்காலப் பத்திரிகையில் படம் வந்தது. அந்தத் துண்டுகள் வாராவாரம் என் கொடியில் காய்வதைப் பால்கனி அம்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? மறுநாள் கேட்டில் தார் பூசியிருந்தார்கள். கேஷியரை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உன் ஆபீஸில் உன் மேஜையைத் தூக்கிக் கழிப்பறைக்குப் பக்கத்தில் போட்டார்கள். என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, உங்க தம்பி அப்படியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்க எதுக்குப் போனீங்க என்று கேட்டார். தம்பிக்காகப் போனேன் என்றேன். பொய் இல்லை. பாதியைச் சொன்னேன். அந்தப் பாதியே அன்றிலிருந்து என் பட்டமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் லேப்காரி வந்தாள். கதவைத் திறந்தபோது கையில் ஒன்பதாம் நம்பர் துண்டு, துவைத்து இஸ்திரி போட்டு. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, டீச்சர், அவரைத் திரும்பச் சேர்த்துக்குங்க, அந்த ஊர்வலத்திலிருந்து மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அடுப்பங்கரைப் பக்கமே வரலை, மறுபடி தினமும் ஆக்க என்னால முடியாது என்றாள். தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டீர்களா என்று கேட்டேன். பட்டேன், அதுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். நான் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, நீங்களா வகுப்பு எடுத்தீங்க என்று கேட்டு மறுபடி சிரித்தாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கண்டுபிடித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். பால் மட்டும் கிண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் உனக்கு வேலையும் போய், நெட்டைக்கு இப்போது நீங்கள் இருக்கிற ஊரில் வேலை கிடைத்து, நீங்கள் இரண்டு பேரும் புறப்பட்டுப் போய்விட்டீர்கள். வழியனுப்ப வந்தபோது, அக்கா, இனி உனக்கு இந்த வம்பெல்லாம் இல்லை, நிம்மதியாக இரு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். நான் ஒவ்வொரு வருஷமும் அந்த ஊர்வலத்தில் நடந்தேன். தம்பி இங்கே இல்லாவிட்டாலும் தம்பிக்காக நடக்கிறாள் பார் என்று ஊர் மெச்சியது. நீயும் மெச்சி மெச்சி எழுதினாய்.

தம்பி, ஜாடை காட்ட நீ இல்லாமலே வகுப்பை ஒப்பேற்றினேன்; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போக லேப்காரி வருவாள். வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவள், பிறகு பாதியில் வந்தாள், பிறகு அவருக்கு முன்னாலேயே வந்தாள். அந்த மனுஷன் இருந்த வரை எங்களுக்குள் டீயைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. உன் மேல் ஆணை. ஆனால் டீ நிறையக் குடித்தோம். அவர் போன பிறகு அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து மாடி அறையை வாடகைக்குக் கேட்டாள். போன் பண்ணும்போதெல்லாம் மாடி வீட்டம்மா சௌக்கியமா என்று கேட்பாயே? அவள் மாடியில் இல்லை. மாடியில் வெங்காயம் காய்கிறது. அவள் இங்கே என்னோடுதான் இருக்கிறாள்.

எனக்கு அவள் மேல் காதல். இந்த வயசில் இந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு வார்த்தை போட்டால் அது பொய்யாகிவிடும். அவளுக்கும் அப்படித்தான். லேபில் ரிசல்ட் சொல்கிற மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னாள். அவளைப் பார்த்துத்தான் எனக்கு இது வந்தது என்றும் இல்லை. நீ ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று பேசிய அன்றைக்கே, நான் வாயைத் திறந்திருந்தால், எனக்கும் என்று ஒரு வார்த்தைதான் வந்திருக்கும். அதை அடக்கத்தான் அந்தப் பந்தை அந்த அடி அடித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று குதிப்பாய். குதி. அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் நிற்க ஒரு சாதாரண மனுஷி வேண்டியிருந்தாள். பால்கனி அம்மாவுக்குப் பதில் சொல்ல, போலீஸுக்குக் கதவைத் திறக்க, ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க, யாரும் சந்தேகப்படாத ஒருத்தி. வேறு யார் இருந்தார்கள்? நான்தான் இருந்தேன். அப்புறம் அந்த வேஷமே பழகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, தெரிந்துகொள். அப்படி நான் இருந்ததால்தான் நீங்கள் ஏழு பேர் அந்தக் கூடத்தில் உட்கார முடிந்தது. ஆனால் இப்போது எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பெண் வாசித்தபோது, ஆயிரம் பேர் முன்னால் நீயே என்னை வெளியே நிறுத்துகிறாயே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

நீ போனில் கேட்ட தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் செய்தாகிவிட்டது. கேட்டுக்குப் புதுசாகப் பச்சை அடித்திருக்கிறோம். பால்கனி அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் கண் கழுகுக் கண். மாடியில் விளக்கு எரிவதே இல்லையே டீச்சர் என்று போன வாரம் கேட்டாள். பல்பு போய்விட்டது என்றேன். ஒரு பல்பு வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த அம்மாவுக்குத் தெரியும் என்று நான் சொல்கிறேன், தெரியாது என்று இவள் சொல்கிறாள்.

நீ கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை. வயிறு வலிக்கச் சிரித்தாலும் பரவாயில்லை, நெட்டை நிச்சயம் சிரிப்பான். மரியாதையாக, அளந்து அளந்து ஒரு பதில் எழுதிவிடுவாயோ என்றுதான் பயம். அப்படி மட்டும் எழுதாதே. பெரியவளாகப் பிறந்துவிட்டதால் எல்லோருக்கும் ஆசீர்வாதம் கொடுத்தே பழகிவிட்டேன், யாரிடமும் கேட்டதில்லை. இந்தத் தடவை கேட்கிறேன். உனக்கும் நெட்டைக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நீ ஒரு வார்த்தை சொல்லு.

வாழ்த்துரையைத் திருத்தி அந்தப் பெண்ணுக்கு அனுப்பு. எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதன் முடிவில் அக்கா வீட்டுக்காரரை விசாரித்ததாக எல்லோரும் எழுதுவார்களே, அந்த மாதிரி அவளை விசாரித்து ஒரு வரி எழுது. அவளை நீ என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாய் என்று நாங்களும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம், பிடிபடவில்லை. அத்தான் என்றால் சிரிப்பாள், அண்ணி என்றால் கணக்கு இடிக்கிறது. அதை நீயே பார்த்துக்கொள். எந்த முறையானாலும் சரி, முறை ஒன்று இருந்தால் போதும். இந்தக் கடிதத்தை நான் எழுத ஆரம்பித்ததிலிருந்தே தபால்காரர் வருகிற நேரம் பார்த்து அவள் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். இன்னும் இதை நான் தபாலிலேயே போடவில்லை, பதில் எப்படி வரும் என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. செடி அழுகிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் எழுது, கண்ணு.

இப்படிக்கு,
உன் அக்கா